சுடலைமுத்துவின் முன்னுடல்

குதிரை பொய் சொல்லாது. கிரிக்கெட் ஆட்டக்காரன் வாயைத் திறந்தாலே பொய்தான். இதை ரோஸ்லின் யார் கேட்டாலும் சொல்வாள், கேட்காவிட்டாலும் சொல்வாள். காலில் வலி என்றால் குதிரை அந்தக் காலை ஊன்றாது, அவ்வளவுதான் விஷயம். அதே வலி ஒரு வேகப்பந்து வீச்சாளனுக்கு வந்தால் அவன் பல்லைக் காட்டிக்கொண்டு, "சூப்பரா இருக்கேன்க்கா" என்பான். அணியிலிருந்து தூக்கிவிடுவார்களோ என்கிற பயம். குதிரைக்கு அந்தக் கவலை ஏது?

ஊட்டிப் பந்தயக் குதிரை லாயங்களில் பல வருடம் கால்நடை மருத்துவராக இருந்தவள் ரோஸ்லின். குதிரைகளைப் பந்தயத்துக்குத் தயார்படுத்துவது அவள் பொறுப்பு. பிறகு மனித உடம்பைப் பற்றியும் முறையாகப் படித்துப் பட்டம் வாங்கி, திருநெல்வேலியின் 'பொருநை வேங்கைகள்' அணிக்கு உடல்திறன் பயிற்சியாளராக வந்து சேர்ந்தாள். வந்த முதல் நாளே ஒரு பையன், "குதிரை டாக்டராமே, எங்களுக்கும் கொள்ளுதானாக்கா?" என்று கேட்டான். "கொள்ளு ஜெயிக்கிற குதிரைக்குடா. உனக்கு வைக்கோல்தான்" என்றாள். அன்றிலிருந்து அவள் எல்லோருக்கும் டாக்டரக்கா.

அவள் வேலை பார்க்கும் விதமே தனி. காலையில் அணியின் பேருந்து மைதானத்துக்கு வரும்போது அவள் கதவருகே நிற்பாள். யார் எந்தக் காலை முதலில் வைத்து இறங்குகிறான், யார் கம்பியைப் பிடிக்கிறான், நேற்று வலது தோளில் தொங்கிய பை இன்று ஏன் இடது தோளுக்கு மாறியிருக்கிறது, எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். கடைசி ஆள் இறங்குவதற்குள் அன்றைக்கு யார் ஓட வேண்டும், யார் பளு தூக்க வேண்டும், யார் போர்த்திக்கொண்டு படுக்க வேண்டும் என்பதை முடிவு செய்துவிடுவாள். "நான் வந்தப்புறம் இந்த டீம்ல ஒரு பவுலருக்கு எலும்பு விரிசல் விட்டிருக்கா? காட்டுங்க பாப்போம்" என்று சவால் விடுவாள். அப்படி ஒருவனும் இல்லை. அவள் தலைக்கனத்தில் நியாயம் இருந்தது.

அவளுக்குப் போட்டியாக ஒரே ஒரு ஆள்தான். ஆள் என்று சொல்வதா, கருவி என்று சொல்வதா? முன்னுடல்.

ஆட்டக்காரர்கள் எல்லோருடைய நெஞ்சிலும் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு வட்டம் ஒட்டியிருக்கும். பையன்கள் அதைப் பொட்டு என்பார்கள். இதயத்துடிப்பு, மூச்சு, தூக்கம், தசையின் சூடு என்று அது கவனிக்காத விஷயமில்லை. அதைக் கொண்டு கணினிக்குள்ளே ஒவ்வொருவனுக்கும் இன்னொரு உடம்பு வளர்ந்துகொண்டிருக்கும். அந்த உடம்பு இவனைவிட மூன்று வாரம் முன்னால் வாழும். இவன் அடுத்த மாதம் வீசப்போகும் பந்துகளை அது இன்றைக்கே வீசிப் பார்க்கும். அதற்குத் தசை கிழிந்தால் இவனுக்கு ஓய்வு. ஏலத்தில் முதலாளிகள் ஆளைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு முன்னுடலைப் பார்த்து விலை சொன்னார்கள். இப்போதெல்லாம் பெண் கொடுக்கிறவர்கள்கூட ஜாதகத்தோடு அதையும் கேட்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அரையிறுதிக்கு முந்தைய வாரம், திங்கட்கிழமை காலை, அணி மேலாளர் ரகோத்தமன் ரோஸ்லினைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். உள்ளே சுடலைமுத்து ஏற்கெனவே உட்கார்ந்திருந்தான். வள்ளியூர்ப் பக்கத்துப் பையன், அணியின் முதல் வேகப்பந்து வீச்சாளன். ஆறடிக்கு மேல் உயரம். அன்றைக்கு நாற்காலியில் பாதியாகக் குறுகிக் கிடந்தான்.

"டாக்டர், உக்காருங்க" என்றார் ரகோத்தமன். "சுடலையோட முன்னுடல் நேத்து செத்துப்போச்சு."

"என்னது?"

"பந்து வீச ஓடி வர்றப்ப இதயம் நின்னுடுது. ஒரு தடவை இல்ல, எத்தனை தடவை ஓட்டிப் பாத்தாலும் அங்கயேதான் விழுறான். இந்த சீசன் முடியறதுக்குள்ள."

"இவனுக்கா? இந்த நெஞ்சுக்கா?" ரோஸ்லினுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. "சார், மெஷின்ல எலி கிலி பூந்திருக்கப் போகுது, பாருங்க."

"ஞாயித்துக்கிழமையே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன் டாக்டர். எல்லா டெஸ்ட்டும் எடுத்தாங்க. ஒரு குறையும் இல்லைன்னுட்டாங்க."

சுடலைமுத்து தலையைத் தூக்கினான். "குறை இல்லன்னா பொறவு ஏன் சார் ஆடக் கூடாதுங்கிய?"

"ஆஸ்பத்திரி பாக்கறது இன்னிக்கு இருக்கற இதயத்தப்பா. முன்னுடல் பாக்கறது அடுத்த மாசத்து இதயத்த. நாளைக்கு நீ மைதானத்துல விழுந்தா, மெஷின் சொல்லியும் ஆட விட்டாங்கன்னு ஊரே எங்களக் காறித் துப்பும். லீக்ல விதி ஒண்ணுதான். இதயம் நின்னு முன்னுடல் செத்தா ஆட்டக்காரன் வெளியே. எந்த டீமுக்கும், எப்பவும் ஆட முடியாது." அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "வெள்ளிக்கிழமை மருத்துவக் குழு உக்காருது. அவங்க கையெழுத்துப் போட்டா முடிஞ்சது. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு சுடலை."

பையன் அழவில்லை, சத்தம் போடவில்லை. "எங்க அப்பாவும் இப்பிடித்தான் போனாவ" என்றான். "மார்க்கெட்ல மூட்டை இறக்கிட்டு இருக்கும்போதே. இப்ப என் வயசுக்கு நாலஞ்சு வயசு கூட இருக்கும் அவியளுக்கு."

நம்பிவிட்டான். தான் சாகப்போகிறோம் என்று இருபத்து மூன்று வயதுப் பையன் அத்தனை எளிதாக நம்பிவிட்டான்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் நேரம் இருக்குல்ல சார்?" என்று ரோஸ்லின் எழுந்தாள். "நான் இத ஒத்துக்கப் போறதில்ல. டேய், எந்திரிடா. வா என்கூட."

அவனை நேராகப் பார்வையாளர் மாடத்துக்குக் கூட்டிப் போனாள். அடிப்படியிலிருந்து உச்சிப்படி வரைக்கும் ஏறி இறங்கச் சொன்னாள். வாய் ஓயாமல் அவனைத் திட்டிக்கொண்டே மறுபடியும் ஏறச் சொன்னாள். அவன் வியர்த்து வழிந்து வந்து நின்றதும் நெஞ்சில் உள்ளங்கையை வைத்தாள். குதிரைகளிடம் பழகிய வழக்கம் அது. கருவி இருக்கட்டும், முதலில் கை வைத்துப் பார்க்க வேண்டும். திடும் திடும் என்று குதித்துக்கொண்டிருந்த இதயம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடங்கி, நிதானத்துக்கு வந்துவிட்டது. நல்ல ஜாதிக் குதிரையின் இதயம்தான் இப்படிச் சட்டென்று இறங்கும்.

"இது சாகப்போற நெஞ்சு இல்லடா."

"மெஷினு சொல்லுதேக்கா."

"மெஷின் உன் நெஞ்சுல கை வச்சுப் பாத்துச்சா?"

"விடுங்கக்கா. நீங்க எனக்காக யார்கிட்டயும் சண்டைக்குப் போவாதிய. நடக்கது நடக்கட்டும்." அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னான்.

ரோஸ்லின் அதைக் கவனித்தாள். சாவுக்குப் பயந்தவன் எதிரே இருப்பவரின் முகத்தையேதான் பார்த்துக்கொண்டிருப்பான், ஏதாவது ஆறுதல் கிடைக்காதா என்று. இவன் முகத்தைத் திருப்புகிறான். இவனிடம் ஏதோ இருக்கிறது, சொல்ல மாட்டேன் என்கிறான்.

இறங்கி வரும் வழியில் வலைப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. தவசிக்கனி மட்டையாளர்களுக்குப் பந்து எறிந்துகொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய ஒல்லி மனிதர். நீளக் கரண்டி மாதிரியான எறிகோலில் பந்தைச் செருகி, காலை முதல் மாலை வரை விட்டெறிவதுதான் அவர் வேலை. ஆட்டக்காரர்கள் களைத்துப் போய் ஒருவர் பின் ஒருவராக மாறுவார்கள். எறிகிறவர் மாற மாட்டார். அவரும் வள்ளியூர்க்காரர் என்பதால் சுடலைமுத்து விடுதியில் அவரோடுதான் தங்குவான். மற்ற நட்சத்திரங்களோடு தங்க அவனுக்குக் கூச்சம்.

"தவசி அண்ணே, பையன் எதையோ மனசுல வச்சுக்கிட்டு மென்னு முழுங்குறான். உங்ககிட்ட ஏதாவது சொன்னானா?" என்று கேட்டாள்.

தவசிக்கனி எறிகோலைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றார். "ஒண்ணும் சொல்லலம்மா" என்றார். "நல்ல பிள்ளைம்மா அவன். அவனுக்குப் போயி..." தோளில் கிடந்த துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். ஊர்ப்பாசம் என்று நினைத்துக்கொண்டு ரோஸ்லின் நகர்ந்துவிட்டாள்.

புதன்கிழமை மத்தியானம் மறுபடியும் ரகோத்தமனின் அறைக்குப் போனாள்.

"சார், முன்னுடல் சொல்ற ஜோசியம் எனக்கு வேண்டாம். பொட்டு என்ன பாத்துச்சோ அத அப்படியே காட்டுங்க. துடிப்பு மட்டும் போதும்."

"அது கடல் மாதிரி இருக்கும் டாக்டர். மெஷினே எல்லாத்தையும் எடுத்துக்காது. தூங்கறப்ப இதயம் எப்படி அடிக்குதோ அதத்தான் அடிப்படையா வச்சுக்கும்."

"ஏன் அப்படி?"

"பகல்ல ஓட்டம், படபடப்பு, கோபம்னு ஆயிரம் கலந்திருக்கும். தூக்கத்துல ஒண்ணும் கலக்காது, சுத்தமா கிடைக்கும். அந்த இதயத்து மேல பகல் வேலைய ஏத்தி, மூணு வாரம் முன்னால ஓட்டிப் பாக்கும்."

அவர் திரையில் கோடுகளை விரித்தார். ரோஸ்லின் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பகல் கோடுகள் அவளுக்குப் பழக்கமானவை. அவள் உள்ளங்கையில் துள்ளிய அதே இதயம், ஏறுவதும் இறங்குவதும் அதே வேகம். இரவுக் கோடுகளுக்கு வந்ததும் புருவத்தைச் சுருக்கினாள். அந்த இதயம் மெதுவாகத் தடுக்கி, ஒரு துடிப்பை விட்டுவிட்டு, பிறகு அவசர அவசரமாக இரண்டு அடித்தது. மேடு ஏறும் கிழட்டு மட்டக்குதிரையின் நடை.

"பகல்ல இப்படி ஓடுற இதயம் ராத்திரி இப்படி நொண்டாது சார்."

"நோயே அதுதான்னா?"

ரோஸ்லினுக்கு ஊட்டியில் நடந்த ஒன்று ஞாபகம் வந்துவிட்டது. ஒரு முதலாளி தோற்கிற குதிரையின் பெயரில் வேறொரு நல்ல குதிரையை ஓட்டப் பார்த்தான். நிறம் ஒன்று, நெற்றி வெள்ளைகூடச் சாயம் பூசி ஒன்றாக்கிவிட்டான். தாடைக்கு அடியில் விரலை வைத்து நாடி பார்த்தவள் ரோஸ்லின்தான். இது அந்தக் குதிரை இல்லை என்று அங்கேயே சொல்லிவிட்டாள். சாயம் பூசி நெற்றியை மாற்றலாம், நாடியை எப்படி மாற்றுவது?

"ஐயோ கர்த்தாவே!" என்று எழுந்தாள். "ஆள்மாறாட்டம்!"

"என்ன டாக்டர்?"

"பொறுங்க சார். முதல்ல அந்தப் பயலப் பிடிக்கிறேன்."

சுடலைமுத்து மைதானத்து ஓரத்தில், வேலியைப் பிடித்துக்கொண்டு மற்றவர்கள் பயிற்சி செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தான். ரோஸ்லின் வந்த வேகத்தைப் பார்த்ததுமே அவனுக்கு முகம் வெளுத்தது.

"ராத்திரி உன் பொட்ட யார்கிட்டடா குடுக்குற?"

"பொட்டா? என்னக்கா சொல்லுதிய?"

"நடிக்காத. அறைஞ்சிருவேன் பாரு."

அவன் வேலியிலிருந்து கையை எடுத்தான். பிறகு கொட்டிவிட்டான்.

"பந்து போட்ட அன்னைக்கு உடம்பு அனலா கொதிக்கும்க்கா. உறக்கமே வராது. உறங்கலன்னா பொட்டு காட்டிக் குடுத்துரும், மறுநாள் ஓவரக் குறைச்சிருவாவ. ஓவரு குறைஞ்சா விக்கெட்டு எங்க எடுக்க? வேகமாப் போடுதவன் பாதிப் பேரு இதத்தான் செய்தான். நல்லா உறங்குத ஆளுகிட்ட குடுத்துட்டு, காலைல வாங்கி ஒட்டிக்கிடுவோம். அது ராத்திரி உறக்கத்த மட்டுந்தானக்கா எண்ணும்?"

"யாருகிட்ட குடுத்த?"

"அத மட்டும் கேக்காதிய."

"சுடலை!"

"நான் எப்பிடியும் போகப்போறேன். தலைக்கு மேல வெள்ளம் வந்தாச்சு, இனி சாண் என்ன, முழம் என்ன? போறவன் எதுக்கு இன்னொருத்தரு சோத்துலயும் மண்ண அள்ளிப் போட்டுட்டுப் போவணும்? தெரிஞ்சா அவியள அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிருவாவ. பிள்ளையளு படிக்குது. உதவி செஞ்ச மனுசனுக்கு நான் செய்த கைம்மாறா அது?"

அப்படியானால் இத்தனை நாளும் இவன் வாயை மூடிக்கொண்டிருந்தது இதற்காகத்தானா? ரோஸ்லினுக்கு அவனை அடிப்பதா, கட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

"அட மடப்பயலே, கேளு. அந்த மெஷின் ராத்திரி அடிக்கிற இதயத்ததான் உன் இதயம்னு எடுத்துக்கிச்சு. நீ ஓடுன ஓட்டத்த எல்லாம் அந்த இதயத்து மேலதான் ஏத்துச்சு. செத்தது உன் நெஞ்சு இல்லடா. ராத்திரி பொட்ட மாட்டிக்கிட்டுப் படுத்திருந்தவனோட நெஞ்சு!"

அவன் கழுத்து மெல்லத் திரும்பியது. ரோஸ்லினும் அந்தப் பக்கம் பார்த்தாள். வலைக்குள் தவசிக்கனி கையைப் பின்னால் இழுத்து, அடுத்த பந்தை எறியப் போய்க்கொண்டிருந்தார்.

"அண்ணே!" என்று கத்திக்கொண்டு சுடலைமுத்து ஓடினான். ரோஸ்லின் அவன் பின்னால் ஓடினாள்.

அவள் போய்ச் சேரும்போது அவன் எறிகோலைப் பிடுங்கிவிட்டிருந்தான். தவசிக்கனி ஒன்றும் புரியாதவர்போல் நின்றார். ரோஸ்லின் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். வெயில் கொளுத்துகிற நேரத்தில் கை சில்லென்று இருந்தது. நாடி தடுக்கி, ஒன்றை விட்டுவிட்டு, அவசரமாக இரண்டு அடித்தது. திரையில் பார்த்த அதே நடை.

"உக்காருங்க அண்ணே."

"இன்னும் கேப்டனுக்குப் பந்து பாக்கி இருக்கும்மா..."

"உக்காருங்கன்னு சொல்றேன்ல!"

"டாக்டரக்கா, என்ன இது? அடுத்த வாரம் செமிஃபைனல்!" என்று மறுமுனையிலிருந்து கேப்டன் எரிச்சலோடு கூவினான்.

"மட்டையக் கீழ வச்சுட்டு ஆம்புலன்சுக்கு போன் போடுறா!" என்றாள் ரோஸ்லின். அந்தக் குரலுக்கு முரட்டுக் குதிரைகளே அடங்கியிருக்கின்றன, கேப்டன் எம்மாத்திரம்?

ஆஸ்பத்திரியில் அவரை நேராக உள்ளே கொண்டுபோனார்கள். இதயத்து ரத்தக்குழாய் இரண்டு அடைத்துக் கிடந்ததாம். மூன்றாவது நூல் மாதிரி இருந்ததாம். இன்னும் கொஞ்ச நேரம் எறிந்திருந்தால் மைதானத்திலேயே முடிந்திருக்கும் என்று இதய மருத்துவர் சொன்னார். அடைப்பை எடுத்து ஸ்டென்ட் என்கிற சுருளை வைத்துவிட்டார்கள். உயிருக்குப் பயமில்லை என்று கேட்டபிறகுதான் சுடலைமுத்து அழுதான். வராண்டாவின் நடுவில், ஆறடி ஆள் குத்தவைத்து உட்கார்ந்துகொண்டு, போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்க ஏங்கி ஏங்கி அழுதான்.

வெள்ளிக்கிழமை மருத்துவக் குழு காணொளியில் கூடியது. ரோஸ்லின் இரண்டு இதயங்களின் கோடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல விளக்கினாள். பொட்டைக் கைமாற்றினேன் என்று சுடலைமுத்து தன் வாயாலேயே சொன்னான். குழுவினர் தங்களுக்குள் பேசிக்கொண்டு முடிவைச் சொன்னார்கள். இதயத் தடை ரத்து. பொட்டு மோசடிக்காக இரண்டு சீசன் ஆடக் கூடாது.

"பொட்டை வாங்கி மாட்டிக்கிட்டவருக்கு என்ன தண்டனைன்னு தெரிஞ்சுக்கலாமா?" என்று ரகோத்தமன் பணிவாகக் கேட்டார்.

திரையில் இருந்தவர் எதையோ தேடிப் பார்த்தார். "அப்படி ஒருத்தர் எங்க பதிவுலயே இல்லையே சார்" என்றார்.

ரகோத்தமன் பெருமூச்சு விட்டார். காணொளி அணைந்தபிறகு, "விடுங்க டாக்டர், அந்த மட்டுக்கும் நல்லதாப் போச்சு. தவசிக்கு வேலை இருக்கு. இனிமே கிட் பை, மட்டை கணக்குன்னு லேசான வேலையாக் குடுத்துக்கலாம்" என்றார். கெட்ட மனிதர் இல்லை அவர்.

ரோஸ்லினுக்கு அன்றைக்கு நடையிலேயே ஒரு மிடுக்கு. பையனின் ஆட்டத்தை மீட்டாயிற்று, ஒரு மனிதனின் உயிரையும் மீட்டாயிற்று. இரண்டு வருடம் என்ன பெரிய விஷயம்? அந்த இரண்டு வருடத்தில் இவன் இடுப்பையும் முதுகையும் இரும்பாக்கிக் காட்டுகிறேன் பார் என்று அவனிடம் சொல்லிக்கொண்டேதான் ஆஸ்பத்திரிப் படியேறினாள். சுடலைமுத்துவும் தலையாட்டிக்கொண்டே வந்தான். வாசலில் இளநீர்க்காரனைப் பார்த்ததும், "அண்ணனுக்கு ஒண்ணு வாங்கிட்டு வாரேன், நீங்க முன்னால போங்க" என்று நின்றுவிட்டான்.

தவசிக்கனி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் ரத்தம் ஓடத் தொடங்கியிருந்தது.

"பையன் தப்பிச்சுட்டான் அண்ணே. ரெண்டு சீசன்தான். ஆனா அவன் புத்திய என்னன்னு சொல்ல? உங்க பேரச் சொல்லவே மாட்டேன்னு நின்னான். உதவி பண்ணின மனுசனாம் நீங்க."

தவசிக்கனி ஜன்னல் பக்கம் பார்த்தார். "நான் உதவி செய்யலம்மா" என்றார்.

"என்ன?"

"அவனா குடுக்கலம்மா. நாந்தான் கேட்டு வாங்குனேன். ஏல, நீ உறங்க மாட்டேங்க, என்கிட்ட குடு, நான் உறங்கித் தாரேன்னேன். ஆறு மாசமா எனக்கு நெஞ்சுக்குள்ள ஒரு பிசகு. பந்து எறியும்போது கை மரத்துப் போவும். வெளிய சொன்னா, எறிய முடியாதவன் எதுக்குன்னு வேற ஆளப் போட்ருவாவ. சரி, இந்தப் பொட்டுதான் எல்லாத்தையும் பாக்குதே, நாமளும் ஒட்டிக்கிட்டுப் படுத்தா, கோளாறு இருந்தா யாராவது ஒருத்தரு வந்து சொல்லுவாவன்னு நினைச்சேன்."

ரோஸ்லின் நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சொன்னாவ. ஆனா அவன்கிட்டல்லா சொன்னாவ!" அவர் கண் கலங்கியது. "திங்கக்கிழமை அவன் ரூமுக்கு வந்து, அண்ணே நான் சாகப்போறேன்னான். அது நாந்தான்னு எனக்கு அப்பமே தெரியும். வாய் வரைக்கும் வந்துச்சு. பயந்துட்டேம்மா. மூணு நாளு அவன் முகத்துல முழிச்சுக்கிட்டு, வாயத் தொறக்காம பந்து எறிஞ்சுக்கிட்டு இருந்தேன். பாவி நான்."

"நான் உங்ககிட்டதானே வந்து கேட்டேன்?" என்றாள் ரோஸ்லின். அவளுக்கே அவள் குரல் அந்நியமாக இருந்தது. "நேருக்கு நேர் நின்னு கேட்டேனே அண்ணே!"

"கேட்டிய. அவனப் பத்திக் கேட்டிய." அவர் சொன்னதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. "அந்த ஆடுகளத்துக்கு அடியில, புல்லுல ஈரம் எவ்வளவு இருக்குன்னு பாக்க ஊசி ஊசியா ஒரு கருவி பதிச்சு வச்சிருக்காவ, பாத்திருக்கியளா? நான் நாளெல்லாம் அது மேலதாம்மா நிப்பேன்."

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கின வலியை ரோஸ்லின் அப்போதுதான் உணர்ந்தாள். தினமும் பேருந்துக் கதவருகே நின்று ஒவ்வொரு காலாகப் பார்த்தவள் அவள். ஆட்டக்காரர்கள் இறங்கி முடித்ததும் திரும்பி நடந்துவிடுவாள். அதற்குப் பிறகும் அந்தப் படியில் ஒரு மனிதர், பந்துப் பையைச் சுமந்துகொண்டு இறங்கிக்கொண்டுதான் இருந்தார்.

"நான் பாக்கல அண்ணே" என்றாள். "எல்லாரையும் பாத்தேன், உங்களப் பாக்கல. மன்னிச்சுருங்க." பிறகு அவளுக்கே உரிய வேகம் திரும்பி வந்தது. "திங்கக்கிழமை ரகோத்தமன் சார்கிட்ட போறேன். மைதானத்துல கால் வைக்கிற எல்லாருக்கும் பொட்டு வேணும். இல்லைன்னா நான் வேலைக்கு வரல."

"குடுக்க மாட்டாவம்மா. ஆட்டக்காரங்களுக்கு இத்தனைதான்னு எண்ணிக் குடுக்காவளாம் லீக்ல. பொட்டு மிச்சமே இருக்காதாம்." அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "அத விடுங்க. அவன்கிட்ட மட்டும் இதச் சொல்லிராதிய. உதவி செஞ்சேன்னே நினைச்சுக்கிட்டு இருக்கட்டும்."

சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. கதவோரம் சுடலைமுத்து இளநீரும் கையுமாக நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியவில்லை. முகத்தைப் பார்த்தால் போதுமான நேரம் நின்றிருக்கிறான்.

தவசிக்கனி எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. "மக்கா..." என்றார்.

சுடலைமுத்து உள்ளே வந்து இளநீரை மேசையில் வைத்தான். கோபம் வந்து போனது அவன் தாடையில் தெரிந்தது. மூன்று நாள் அவன் தன் அப்பாவின் சாவைத் தானும் செத்துப் பார்த்தவன். எதிரே இருப்பவர் அதைப் பக்கத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டு பார்த்தவர். ரோஸ்லின் குறுக்கே போகலாமா என்று யோசித்தாள். போகவில்லை.

அவன் சட்டையின் மேல் பொத்தான்களைக் கழற்றினான். நெஞ்சிலிருந்த வட்டத்தை நகத்தால் நெம்பி எடுத்தான். பிசின் விட்ட இடத்தில் தோல் வெளுத்துக் கிடந்தது.

"ரெண்டு வருசத்துக்கு எனக்கு இது சும்மாதான் கிடக்கும்" என்றான் ரோஸ்லினிடம். "ஆட்டத்த விட்டுத்தான நிறுத்தியிருக்காவ, பொட்டத் திரும்பக் கேக்கலையேக்கா? மெஷின்ல என் பேரே இருந்துட்டுப் போகட்டும். அந்தப் பேருக்கு என்ன வந்தாலும் நீங்க அண்ணனப் போயிப் பாத்துக்கிடுங்க."

ரோஸ்லின் சரி என்று தலையை ஆட்டினாள்.

அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். "இங்க பாருங்க. இனிமே எனக்காக உறங்குதேன்னு பொய் சொல்லக் கூடாது. பகல்லயும் கழட்டக் கூடாது" என்று அதட்டினான்.

தவசிக்கனி அவனைப் பார்த்தபடியே, தன் சட்டைப் பொத்தானைக் கழற்றினார்.